சிதறிய எழுத்துகளைக் கோக்கும் கணினி

கீழ்க்காணும் பகுதியை வாசித்து, தொடர்ந்து வரும் கேள்விகளுக்கு விடை எழுதுக.

ஜொகூர் மாநிலத்தின் நடுப்பகுதியில் உள்ளது குளுவாங் வட்டாரம். அங்குச் சாலையின் இருமருங்கிலும் செம்பனைத் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. சிறு தோட்டக்காரர் ஒருவர் நாற்று வாங்குவதற்காக ஒரு நாற்றுப் பண்ணைக்குச் செல்கிறார் எனக் கொள்வோம். கறுப்பு நெகிழிப் பைகளில் நாற்றுகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. எல்லாம் ஒரே உயரம், ஒரே பச்சை. ஆயினும், அவற்றுள் ஒன்று தடித்த ஓடுள்ள பழத்தைத் தரக்கூடும். அருகில் நிற்பது மெல்லிய ஓடுள்ள பழத்தைத் தரக்கூடும். மெல்லிய ஓடுள்ள மரமே தோட்டக்காரருக்கு வேண்டும். ஏனெனில், அது தடித்த ஓடுள்ள மரத்தைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு கூடுதல் எண்ணெய் தரும்.

இந்த வேறுபாட்டை நாற்றைப் பார்த்துச் சொல்ல எவராலும் இயலாது. நட்டு, உரமிட்டு, களை பிடுங்கி, ஏறத்தாழ 3 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். முதல் குலையை வெட்டி, பழத்தைப் பிளந்து பார்க்கும்போதுதான் உண்மை தெரியவரும். செம்பனை 25 ஆண்டுகள் வரை பலன் தரும் மரம். தவறான நாற்றை நட்டவர், அத்தனை ஆண்டுகளும் அதன் இழப்பைச் சுமக்க நேரிடும்.

நாற்றின் ஓர் இலைத் துண்டைக் கொண்டே இந்த உண்மையை இன்று முன்கூட்டியே அறிய முடிகிறது. அதற்கு வழிவகுத்தவை இரண்டு. ஒன்று, செம்பனையின் மரபணுத்தொகுதியைப் படித்தறிந்த ஆய்வு. மற்றொன்று, அந்த ஆய்வுக்குத் துணைநின்ற கணினி மென்பொருள்.

கிழிந்த ஏடும் மரபணுத்தொகுதியும்

உயிரினம் ஒன்றின் உடலமைப்புக்குரிய செய்திகள் அனைத்தும் அதன் உயிரணுக்களில் உள்ள டி.என்.ஏ.வில் பதிவாகியுள்ளன. அடினின், தைமின், குவானின், சைட்டோசின் ஆகிய நான்கு வேதிப்பொருள்களே அந்தப் பதிவின் எழுத்துகள். இந்த எழுத்து வரிசை முழுவதையும் மரபணுத்தொகுதி என்பர். மனிதக் குடலில் வாழும் ஈ.கோலி என்ற பாக்டீரியாவின் மரபணுத்தொகுதியில் ஏறத்தாழ 46 இலட்சம் எழுத்துகள் உள்ளன. செம்பனையின் மரபணுத்தொகுதியிலோ ஏறத்தாழ 180 கோடி எழுத்துகள் உள்ளன.

இத்தனை எழுத்துகளையும் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே மூச்சில் படிக்கும் கருவி இன்னும் இல்லை. பரவலாகப் பயன்படும் ஒரு வகைக் கருவி, டி.என்.ஏ.வைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டிலும் ஏறத்தாழ 150 எழுத்துகளைப் படித்துத் தருகிறது. ஒரே பகுதி பலமுறை படிக்கப்படுவதால் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து வருகின்றன. ஈ.கோலியின் ஒவ்வோர் எழுத்தையும் சராசரியாக 50 முறை படிக்க வேண்டுமானால், ஏறத்தாழ 15 இலட்சம் துண்டுகள் தேவைப்படும். எந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்ற குறிப்பு எதிலும் இருக்காது. ஒரு நூலின் பல படிகளைச் சுக்குநூறாகக் கிழித்து ஒரே சாக்கில் கொட்டியதைப் போன்ற நிலை அது.

துண்டுகளை எவ்வாறு சேர்ப்பது? கீழ்க்காணும் மூன்று துண்டுகளைக் கவனியுங்கள்.

மரங்கள் செழித்து வளர்கின்றன
குளுவாங் நகரில் செம்பனை
நகரில் செம்பனை மரங்கள்

இரண்டாம் துண்டின் இறுதிச் சொற்களும் மூன்றாம் துண்டின் முதற் சொற்களும் ஒத்திருக்கின்றன. மூன்றாம் துண்டின் இறுதிச் சொல் முதல் துண்டின் தொடக்கமாக உள்ளது. எனவே, ‘குளுவாங் நகரில் செம்பனை மரங்கள் செழித்து வளர்கின்றன’ என்னும் வாக்கியம் எளிதில் கிடைத்துவிடுகிறது. மரபணுத்தொகுதியைக் கோக்கும் மென்பொருளும் இவ்வாறே ஒத்த பகுதிகளைத் தேடித் துண்டுகளை இணைக்கிறது.

ஆயினும், எல்லா இடங்களிலும் இந்த வேலை இத்துணை எளிதன்று. ‘மரம் நட்டான், மரம் வளர்த்தான், மரம் விற்றான்’ என்ற வரியை இரண்டிரண்டு சொற்களாக வெட்டினால், ‘மரம்’ என்னும் சொல்லுக்குப் பின் மூன்று வழிகள் பிரிகின்றன. அடுத்து வருவது நட்டானா, வளர்த்தானா, விற்றானா என்பதைத் துண்டுகளைக் கொண்டு முடிவு செய்ய இயலாது. ‘நட்டான் மரம் வளர்த்தான்’ என்பது போன்ற நீண்ட துண்டு ஒன்று கையில் இருந்தால்தான் சிக்கல் தீரும். உயிரினங்களின் மரபணுத்தொகுதியில் இவ்வாறு திரும்பத் திரும்ப வரும் பகுதிகள் மிகுதி. மனித மரபணுத்தொகுதி ஆய்வு நிறைவுற்றதாக 2003ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. ஆயினும், இத்தகைய பகுதிகளில் பல இடைவெளிகள் எஞ்சின. நீண்ட துண்டுகளைப் படிக்கும் கருவிகள் வந்த பின்னரே, 2022ஆம் ஆண்டு இடைவெளியற்ற வரிசை வெளியிடப்பட்டது.

நல்ல மென்பொருள், வழி தெரியாத இடத்தில் ஊகித்து எழுதுவதில்லை. அந்த இடத்தில் தொடரை நிறுத்திவிட்டு, அடுத்த தொடரைப் புதிதாகத் தொடங்குகிறது. தெரிந்ததை மட்டுமே சொல்லும் அந்த நேர்மை, ஆய்வு செய்வோருக்கும் இன்றியமையாத பண்பாகும்.

மென்பொருளை நிறுவும் முறை

இத்தகைய மென்பொருள்களுள் பல இலவசமாகவே கிடைக்கின்றன. 2012ஆம் ஆண்டு அறிமுகமான ‘ஸ்பேட்ஸ்’ அவற்றுள் ஒன்று. இரஷ்யாவின் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகர ஆய்வாளர்கள் முன்னின்று உருவாக்கிய இம்மென்பொருள், பாக்டீரியா போன்ற சிற்றுயிர்களின் மரபணுத்தொகுதியைக் கோக்கப் பெரிதும் பயன்படுகிறது. ஸ்கூடாயில் பல்கலைக்கழகம் பயிலும் மாணவராயினும், மூவாரில் வீட்டுக் கணினியைப் பயன்படுத்துபவராயினும் இதனை நிறுவிப் பார்க்கலாம். எனினும், கைப்பேசியில் செயலியைப் பதிவிறக்குவது போல் ஒரு பொத்தானை அழுத்தி முடித்துவிடும் வேலையன்று இது. படிப்படியாகச் செய்ய வேண்டும்.

முதற்படி, கணினியை அறிதல். துண்டுகள் யாவற்றையும் ஒரே நேரத்தில் நினைவில் வைத்து ஒப்பிட வேண்டியிருப்பதால், இவ்வகை மென்பொருளுக்கு நினைவகம் மிகுதியாகத் தேவை. பாக்டீரியாவின் மரபணுத்தொகுதியைக் கோப்பதற்கு 16 கிகாபைட் நினைவகம் உள்ள கணினி பொதுவாகப் போதும். அதில் பாதியளவே இருந்தால் கணினி திணறக்கூடும். சேமிப்பகத்திலும் போதிய இடம் வேண்டும். வேலை நடக்கும்போது மென்பொருள் பல இடைநிலைக் கோப்புகளை உருவாக்கும்.

இரண்டாம் படி, இயங்குதளத்தை ஆயத்தப்படுத்துதல். மரபணு ஆய்வு மென்பொருள்களுள் பெரும்பாலானவை லினக்ஸ் இயங்குதளத்திற்காக எழுதப்பட்டவை. பள்ளிகளிலும் வீடுகளிலும் உள்ள கணினிகளில் பெரும்பாலும் விண்டோஸ் இயங்குதளமே இருக்கும். அதற்காக விண்டோஸை அழித்துவிட வேண்டியதில்லை. விண்டோஸ் 10இன் பிற்காலப் பதிப்புகளிலும் விண்டோஸ் 11இலும் லினக்ஸை உள்ளிருத்தி இயக்கும் வசதி உள்ளது. வீட்டுக்குள்ளேயே ஓர் அறையைப் பட்டறையாக மாற்றிக்கொள்வது போன்றது அது. பள்ளிக் கணினியாயின், ஆசிரியரின் அனுமதி பெற்ற பிறகே இதனைச் செய்ய வேண்டும்.

மூன்றாம் படி, பொதி மேலாளரை நிறுவுதல். ஒரு மென்பொருள் தனித்து இயங்குவதில்லை; அதற்குத் துணையாக வேறு பல மென்பொருள்கள் தேவைப்படும். அவை ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்து நிறுவுவது பெரும்பாடு. அந்த வேலையை ‘கோண்டா’ என்னும் பொதி மேலாளர் ஏற்றுக்கொள்கிறது. என்ன வேண்டும் என்று சொன்னால் போதும். அதற்கு வேண்டிய துணைப்பொருள்களையும் அதுவே கொண்டுவந்து சேர்க்கிறது. உயிரியல் ஆய்வுக்கான ஆயிரக்கணக்கான மென்பொருள்களை ‘பயோகோண்டா’ என்னும் களஞ்சியம் கோண்டாவின் வழி வழங்குகிறது. உலகின் பல நாடுகளைச் சேர்ந்த ஆய்வாளர்கள் கூடிப் பேணும் களஞ்சியம் அது. பயனர் தம் சொந்தக் கோப்புறைக்குள்ளேயே கோண்டாவை நிறுவிக்கொள்ளலாம் என்பதால், கணினி நிருவாகியின் கடவுச்சொல்லும் தேவைப்படுவதில்லை.

நான்காம் படி, தனிச்சூழலை உருவாக்குதல். தொடக்கநிலையில் உள்ளோர் பலர் இப்படியைத் தாண்டிச் சென்றுவிட்டுப் பின்னர் இடர்ப்படுகின்றனர். ஒரு மென்பொருளுக்குப் பைத்தான் மொழியின் பழைய பதிப்பு தேவைப்படலாம். மற்றொன்றுக்குப் புதிய பதிப்பு தேவைப்படலாம். இரண்டையும் ஒரே இடத்தில் நிறுவினால் ஒன்று மற்றொன்றைக் கெடுத்துவிடும். வீட்டுச் சமையலறையில் உள்ள அஞ்சறைப் பெட்டியை நினைத்துப் பாருங்கள். கடுகும் சீரகமும் மிளகும் ஒரே பெட்டியில் இருந்தாலும், தனித்தனிக் கிண்ணங்களில் இருப்பதால் கலந்துபோவதில்லை. கோண்டா உருவாக்கும் தனிச்சூழலும் அத்தகைய கிண்ணமே. ஸ்பேட்ஸுக்கு ஒரு சூழலை உருவாக்கி, அதற்குள் நுழைந்து, பிறகு மென்பொருளை நிறுவ வேண்டும். ஏதேனும் கெட்டுவிட்டால் அந்தச் சூழலை மட்டும் நீக்கிவிட்டு மீண்டும் தொடங்கலாம், மற்றவை பாதிப்புறா.

ஐந்தாம் படி, சோதித்தல். நிறுவி முடித்ததும் சொந்தத் தரவை உள்ளிடத் துடிப்பது இயல்பு. அதனைச் சற்று அடக்கிக்கொள்ள வேண்டும். ஸ்பேட்ஸ் தன்னைத் தானே சோதித்துக்கொள்வதற்காக ஒரு சிறு தரவையும் உடன் கொண்டுவருகிறது. ஈ.கோலியின் மரபணுத்தொகுதியில் முதல் 1,000 எழுத்துகளுக்குரிய துண்டுகள் அதில் உள்ளன. சோதனைக் கட்டளையை இட்டவுடன் அத்துண்டுகளை அது கோத்துப் பார்க்கும். சோதனை சரியாக முடிந்தது என்ற செய்தி திரையில் தோன்றினால், மென்பொருள் செம்மையாக நிறுவப்பட்டுள்ளது எனலாம். அதன் பின்னரே, ஆய்வாளர்கள் உலக மக்களுக்காகப் பொதுத் தரவுத்தளங்களில் வைத்துள்ள பாக்டீரியாத் தரவு ஒன்றைப் பதிவிறக்கி முயல வேண்டும்.

பிழைச் செய்தியும் ஒரு பாடம்

இத்தனைக்குப் பிறகும் முதல் முயற்சியிலேயே எல்லாம் நிறைவேறும் என்று எதிர்பார்த்தல் ஆகாது. திரையில் பிழைச் செய்தி தோன்றும். அதைக் கண்டதும் சிலர் கணினியை மூடிவிடுவர். சிலர் படிக்காமலேயே எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவுவர். இரண்டும் பயன் தரா. பிழைச் செய்தி என்பது கண்டனம் அன்று. என்ன குறை என்பதைக் கணினி தனக்குத் தெரிந்த மொழியில் எடுத்துரைக்கும் குறிப்பே அது.

கட்டளை காணப்படவில்லை என்று கணினி சொன்னால், பெரும்பாலும் பயனர் உரிய சூழலுக்குள் நுழைய மறந்திருப்பார். அனுமதி மறுக்கப்பட்டது என்று சொன்னால், தமக்கு உரிமையில்லாத கோப்புறையில் எழுத முயன்றிருப்பார். நினைவகம் போதவில்லை என்று சொன்னால், தரவு பெரிதாக இருக்கும். அல்லது பிற மென்பொருள்கள் பின்னணியில் திறந்திருக்கும். கோப்புறையின் பெயரும் சில வேளைகளில் தடையாகிவிடும். பெயரின் நடுவே இடைவெளி இருந்தால், கட்டளைவரி அதனை இரண்டு பெயர்களாகக் கொள்ளும். ஆங்கில எழுத்து அல்லாத பெயரையும் சில மென்பொருள்கள் ஏற்பதில்லை. எனவே, இவ்வேலைக்குரிய கோப்புறைக்குத் தமிழ்ப் பெயர் சூட்ட விரும்புவோர், அதனை ஆங்கில எழுத்துகளில் இடைவெளியின்றி எழுதிக்கொள்வது நலம்.

நிறுவிய நாள், மென்பொருளின் பதிப்பு எண், இட்ட கட்டளைகள், எதிர்கொண்ட பிழைகள், அவற்றைத் தீர்த்த வழிகள் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் பதிந்து வைக்க வேண்டும். ஒரே தரவை வெவ்வேறு பதிப்புகள் சற்றே வெவ்வேறு விதமாகக் கோக்கக்கூடும். பதிப்பு எண்ணைக் குறிப்பிடாத முடிவை மற்றவர் சரிபார்க்க இயலாது. சரிபார்க்க இயலாத முடிவு அறிவியல் ஆகாது.

குளுவாங் வயலிலிருந்து கணினிக்கு

வீட்டுக் கணினியில் பாக்டீரியாவின் மரபணுத்தொகுதியைக் கோக்கலாம். ஆனால், செம்பனையின் 180 கோடி எழுத்துகளை அதில் கோப்பது இயலாத செயல். அதற்கு ஆற்றல் மிகுந்த கணினிகளும் வேறு மென்பொருள்களும் பல ஆண்டு உழைப்பும் தேவைப்பட்டன.

அந்த உழைப்பின் வேர் வயலில்தான் தொடங்கியது. ஓட்டின் தடிமனை ஒரே ஒரு மரபணு தீர்மானிக்கிறது என்பதை 1941ஆம் ஆண்டிலேயே ஆப்பிரிக்காவின் காங்கோவில் ஆய்வு செய்தவர்கள் கண்டறிந்தனர். தடித்த ஓடுள்ள டூரா மரத்தையும் ஓடற்ற பிசிஃபெரா மரத்தையும் கலந்தால், மெல்லிய ஓடுள்ள தெனெரா பிறக்கிறது. ஆனால், அந்த மரபணு எது, எங்கு உள்ளது என்பது தெரியவில்லை. 1973ஆம் ஆண்டு மலேசிய ஆய்வாளர்கள் நைஜீரியாவுக்குச் சென்று பல வகைச் செம்பனை விதைகளைச் சேகரித்து வந்தனர். அந்தச் சேகரிப்பு குளுவாங்கில் நடப்பட்டது. இன்று மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் குளுவாங் ஆய்வு நிலையம் அதனைப் பேணி வருகிறது.

2013ஆம் ஆண்டு, வாரியத்தின் ஆய்வாளர்களும் அமெரிக்க ஆய்வாளர்களும் இணைந்து ‘நேச்சர்’ இதழில் இரண்டு கட்டுரைகளை வெளியிட்டனர். முனைவர் ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி, முனைவர் ராஜிந்தர் சிங் ஆகியோர் இவ்வாய்வில் முதன்மைப் பங்காற்றினர். ஒரு கட்டுரை, செம்பனையின் மரபணுத்தொகுதியில் 153.5 கோடி எழுத்துகள் கோக்கப்பட்டதையும் 34,802 மரபணுக்கள் இனங்காணப்பட்டதையும் அறிவித்தது. மற்றொன்று, ஓட்டின் தடிமனைத் தீர்மானிக்கும் ‘ஷெல்’ மரபணுவை அடையாளங்காட்டியது. அம்மரபணுவைத் தேடிப் பிடிக்க உதவிய மரக்குடும்பம், நைஜீரியச் சேகரிப்பைச் சேர்ந்த ஒரு தெனெரா மரத்தின் வழித்தோன்றலாகும். 1941இல் எழுந்த கேள்விக்கு 72 ஆண்டுகள் கழித்து விடை கிடைத்தது.

அதே 2013ஆம் ஆண்டில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரப்பர் மரத்தின் மரபணுத்தொகுதியையும் வெளியிட்டனர். அவர்கள் தேர்ந்தெடுத்தது ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்னும் வகை. மலேசிய இரப்பர் ஆய்வுக் கழகத்தில் உருவான இவ்வகையை, அந்நாளைய தோட்டங்களில் விடியற்காலையில் விளக்கேந்திப் பால்மரம் சீவியவர்கள் நன்கு அறிவர். அந்த மரத்தின் மரபணுத்தொகுதியில் ஏறத்தாழ 78 விழுக்காடு திரும்பத் திரும்ப வரும் பகுதிகளே. ‘மரம் நட்டான், மரம் வளர்த்தான்’ என்ற சிக்கல் அங்குக் கோடிக்கணக்கான எழுத்துகளில் நின்று ஆய்வாளர்களைச் சோதித்தது.

குளுவாங் நாற்றுப் பண்ணையில் நிற்கும் தோட்டக்காரருக்கு இவற்றால் என்ன பயன்? ஷெல் மரபணு அறியப்பட்டதால், நாற்று பைக்குள் இருக்கும்போதே அதன் இலைத் துண்டைச் சோதித்து, அது தெனெராதானா என்பதை உறுதிப்படுத்த முடிகிறது. 2016ஆம் ஆண்டு வெளிவந்த மலேசிய ஆய்வொன்று, தனியார் நாற்றுப் பண்ணைகளிலும் சிறு தோட்டங்களிலும் சோதித்த செம்பனைகளுள் ஏறத்தாழ பத்தில் ஒன்று தெனெரா அல்ல எனக் காட்டியது. பெருந்தோட்டம் அந்த இழப்பைத் தாங்கிக்கொள்ளும். சில ஏக்கர் நிலத்தை மட்டும் நம்பி வாழும் குடும்பத்திற்கோ, அது பிள்ளைகளின் படிப்புச் செலவாகவும் வீட்டுக் கடனாகவும் இருக்கக்கூடும். தேவையில்லாத மரம் நிற்கும் நிலத்தில் தேவையான மரம் நின்றால், புதிய காட்டை அழிக்காமலேயே விளைச்சலையும் பெருக்கலாம்.

ஆய்வுக்கூடங்களின் கதவு எல்லாருக்கும் எளிதில் திறப்பதில்லை. ஆனால், இந்த ஆய்வின் கருவிகளுள் பல இன்று இலவசமாகக் கிடைக்கின்றன. பொதுத் தரவுகளும் எவருக்கும் எட்டும் இடத்தில் உள்ளன. மென்பொருளை நிறுவக் கற்கும் மாணவர் எதிர்கொள்வது கறுப்புத் திரையும் பிழைச் செய்திகளும்தாம். அவற்றைப் பொறுமையோடு படிப்பவரே, நாளை வயலில் நிற்கும் ஒருவருடைய கேள்விக்கு விடை தேடித் தரும் தகுதியைப் பெறுகிறார்.

கேள்விகள்

1. செம்பனை நாற்று வாங்குபவர் எதிர்கொள்ளும் சிக்கல் யாது?
2. ‘மரம் நட்டான், மரம் வளர்த்தான், மரம் விற்றான்’ என்னும் எடுத்துக்காட்டு எந்தக் கருத்தை விளக்குகிறது?
3. மென்பொருளுக்குரிய தனிச்சூழல் ஏன் அஞ்சறைப் பெட்டியின் கிண்ணத்தோடு ஒப்பிடப்பட்டுள்ளது?
4. ‘சரிபார்க்க இயலாத முடிவு அறிவியல் ஆகாது.’ இக்கூற்றை உமது சொந்த வாக்கியத்தில் விளக்குக.
5. ஷெல் மரபணு கண்டறியப்பட்டதால் சிறு தோட்டக்காரர்கள் அடையும் நன்மைகள் இரண்டனைக் குறிப்பிடுக.
6. உமது கணினியிலோ கைப்பேசியிலோ தோன்றிய பிழைச் செய்தி ஒன்றையும் அதனை நீர் தீர்த்த முறையையும் 80 சொற்களில் எழுதுக.